நட்சத்திரம் பார்க்கப் போனவர் போட்ட கணக்கு

1830 ஆகஸ்ட் 25ஆம் திகதி இரவு பிரசல்ஸ் நகர அரங்கில் ஓர் ஓபரா நடந்தது. நேப்பிள்ஸ் மீனவன் ஒருவன் அந்நிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழும் கதை. மேடையில் நாட்டுப்பற்றுப் பாட்டு உச்சத்துக்கு ஏறியபோது பார்வையாளர்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் திரும்ப உட்காரவில்லை. தெருவில் இறங்கி, தங்களை ஆண்ட நெதர்லாந்து மன்னருக்கு வேண்டியவர்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். சில வாரங்களில் பெல்ஜியம் என்றொரு புதிய நாடு பிறந்துவிட்டது. ஒரு பாட்டு நாட்டைப் பெற்ற கதையை வரலாற்றாசிரியர்கள் சலிக்காமல் சொல்கிறார்கள். அதே கலவரம் தள்ளிவிட்ட தள்ளில் இன்னொன்றும் பிறந்தது. அதன் கதையைச் சொல்பவர்கள் குறைவு.

அந்த நகரில் அப்போது அடோல்ஃப் கெட்லே என்ற 34 வயது விஞ்ஞானி இருந்தார். இளமையில் நண்பனோடு சேர்ந்து ஓர் ஓபரா எழுதிப் பார்த்தவர், பிறகு கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பிரசல்ஸுக்கு ஒரு வானிலையம் வேண்டும் என்று அரசைக் கரைத்துக் கரைத்துச் சம்மதிக்க வைத்திருந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்கத் தொடங்கிய காலத்தில் அவருக்கு வானியல் அவ்வளவாகத் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளவே 1823இல் பாரிஸுக்குப் போனார். வானியல் அக்காலத்தில் பிழைகளோடு குடித்தனம் நடத்தும் கலை. ஒரே கோளை ஒரே இரவில் பத்துப் பேர் அளந்தால் பத்து அளவு வரும். பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும், மிஞ்சுவது உண்மைக்குக் கிட்டவாக நிற்கும். அந்த வித்தையைக் கற்றுத் திரும்பினார். வானிலையக் கட்டடமும் மெல்ல எழும்பியது. ஆனால் கட்டி முடிப்பதற்குள் புரட்சி வந்தது, கிளர்ச்சியாளர்கள் அந்தக் கட்டடத்தைத் தங்கள் காவலரண் ஆக்கிக்கொண்டார்கள். தொலைநோக்கி வைக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிகள் நின்றன. நட்சத்திரம் பார்க்க வழியில்லாத வானியலாளன் என்ன செய்வான்?

மனிதரைப் பார்த்தார். பிறப்பு, இறப்பு, குற்றம் பற்றிய கணக்குகளில் அவருக்கு முன்னரே ஒரு கண் இருந்தது. இப்போது முழுமூச்சாக இறங்கினார். அநாதைக் குழந்தைகள் மருத்துவமனையில் சிசுக்களை நிறுத்தார், வளர்ந்தவர்களின் உயரத்தையும் நிறையையும் சேர்த்தார். கோளுக்குச் செய்ததையே மனிதனுக்கும் செய்தார். ஆயிரம் பேரைக் கூட்டி வகுத்தால் கிடைப்பவனுக்கு ‘சராசரி மனிதன்’ என்று பெயர் வைத்தார். அவருடைய கண்ணில் அவன் வெறும் கணக்கு அல்ல. இயற்கை செய்ய நினைத்த மனிதன் அவன்தான், நாமெல்லாம் அவனுடைய பிழைப் பிரதிகள். இந்த எண்ணத்தின் விபரீதம் பின்னால் வெளிப்படும்.

அந்தக் கணக்குகளுக்கு நடுவே ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. மனிதன் எல்லாத் திசையிலும் ஒரே வீதத்தில் வளர்ந்தால், உயரம் இரட்டிக்கும்போது நிறை எட்டு மடங்காக வேண்டும். அப்படி நடக்கவில்லை. உயரமானவர்கள் அந்த அளவுக்கு அகலமாவதில்லை. வளர்ந்தவர்களில் நிறையானது உயரத்தின் கனத்தோடு அல்ல, ஏறத்தாழ வர்க்கத்தோடுதான் ஏறியது. 1830களின் தொடக்கத்தில் கெட்லே இதை எழுதி வைத்தார். தடித்தவர் யார், மெலிந்தவர் யார் என்று பிரிக்க அவர் அதை எழுதவில்லை, அந்தக் கேள்வியே அவருக்கு எழவில்லை. எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அந்தச் சின்ன விதி நூலகத் தட்டில் நூறு வருடத்துக்கும் மேலாகத் தூங்கியது.

அது தூங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1866 ஜனவரியில், லண்டன் வைத்தியர் வில்லியம் கல்லிடம் 17 வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். ஐந்தடி ஐந்து அங்குல உயரம், நிறை 37 கிலோ. நெஞ்சில் நோயில்லை, வயிற்றில் நோயில்லை. மாதவிடாய் நின்றிருந்தது. நாடி நிமிடத்துக்கு 56. ஆனால் அவள் சோர்ந்து கிடக்கவில்லை. வலி எதுவும் இல்லை என்றாள், நிலைகொள்ளாமல் நடமாடினாள். சாப்பாட்டை மட்டும் தொடமாட்டாள். கல் சாதாரண வைத்தியர் அல்ல, பின்னாளில் இளவரசரின் டைபொயிட் காய்ச்சலுக்குச் சிகிச்சை செய்து பட்டம் வாங்கியவர். அவருக்கே பிடிபடவில்லை. கடைசியில், நோய் வயிற்றில் அல்ல மனத்தில் என்று முடிவு செய்தார். பசி வரட்டும் என்று காத்திராமல் நேரத்துக்கு ஊட்டவேண்டும் என்றார். உறவினர்தான் இந்த நோயாளிக்கு மிக மோசமான பராமரிப்பாளர் என்றும் சொன்னார். நம் வீடுகளில் ஒரு பிள்ளை சாப்பிட மறுத்தால் பெரியம்மா முதல் பக்கத்து வீட்டு ஆச்சி வரை நடத்தும் பேச்சுக் கச்சேரியைக் கேட்டவர்களுக்கு அவர் சொன்னதன் பொருள் விளங்கும். இரண்டு வருடத்தில் அந்தப் பெண் 58 கிலோவுக்குத் தேறினாள். 1873இல் பாரிஸில் சார்ல் லசேக் என்ற மனநல வைத்தியர் இதே போன்ற எட்டுப் பெண்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு கல் தன் நோயாளிகளைப் பற்றி லண்டன் வைத்தியர் சங்கம் ஒன்றில் வாசித்தார், மறு ஆண்டு அது அச்சில் வந்தது. அனோரெக்சியா நெர்வோசா என்ற பெயர் அப்படித்தான் உலகுக்கு வந்தது. அதே 1874இல்தான் பிரசல்ஸில் கெட்லே கண்மூடினார். கணக்குக்கும் நோய்க்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை.

தொடர்பு உண்டாக இரண்டு தடைகள் இருந்தன. உடல் நிறையை எண்ணாக்கிப் பார்க்க யாருக்கும் தேவை வரவில்லை. அதைவிடப் பெரிய தடை வேறு. சாப்பிடாமல் இருப்பது மனத்தைக் கெடுக்கிறதா, கெட்ட மனம் சாப்பாட்டை மறுக்கிறதா என்று பிரித்தறிய வேண்டுமானால், நோயே இல்லாத மனிதனைப் பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும். எந்த வைத்தியன் அதற்குத் துணிவான்?

முதல் தடையை உடைத்தவர்கள் வைத்தியர்கள் அல்லர், ஆயுள் காப்புறுதிக்காரர்கள். தடித்தவர்கள் சீக்கிரம் இறந்து கம்பனிக்கு நட்டம் வைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். மெட்ரோபொலிட்டன் லைஃப் நிறுவனத்தின் லூயி டப்லின் 1942இலும் 1943இலும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் இலட்சிய நிறை அட்டவணைகள் போட்டார். சிறிய உடற்கட்டு, நடுத்தரம், பெரிது என்று மூன்று நிரல்கள். யாருடைய கட்டு எது என்று அளக்கும் வழியை அட்டவணை சொல்லவில்லை. உடுப்போடும் சப்பாத்தோடும் நிறுத்த கணக்கு அது. காப்புறுதி எடுக்க வசதியுள்ளவர்களின் கணக்கும்கூட. இவ்வளவு ஓட்டையோடு அந்த அட்டவணை வைத்தியசாலைச் சுவர்களில் ஏறி உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பல்லைக் கடித்த ஒருவர் இருந்தார்.

அன்செல் கீஸ். 1904இல் பிறந்தவர், அக்கால ஊமைப்பட நடிகர் லொன் சேனியின் சகோதரி மகன். சிறுவயதில் அரிசோனாக் குகையில் வௌவால் எச்சம் அள்ளினார், சீனாவுக்குப் போன கப்பலில் எண்ணெய் போடும் ஆளாக வேலை செய்தார். ஒரு வேலையிலும் நிலைக்காத இந்த மனிதர் கடைசியில் உடலியல் விஞ்ஞானி ஆனார். 1935இல் அந்தீஸ் மலையேறி, உயரத்தில் மூச்சும் இரத்தமும் எப்படி மாறுகின்றன என்று தன் உடம்பிலேயே சோதித்தார். மினசோட்டா பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுகூடம் கொடுத்தது. எங்கே? அமெரிக்க உதைபந்தாட்ட மைதானத்தின் பார்வையாளர் படிகளுக்கு அடியில். இரண்டாம் உலகப் போர் வந்ததும் படைவீரன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சாப்பாட்டுப் பொதி ஒன்றைத் தயாரித்துத் தரும்படி இராணுவம் கேட்டது. கீஸ் உள்ளூர்க் கடையில் பிஸ்கட், காய்ந்த இறைச்சி, சொக்லேட் வாங்கிப் பொதி கட்டினார். அதுவே கே-ரேஷன் என்று பெயர் பெற்றது. படைவீரருக்கு எப்படி ஊட்டுவது என்பது விளங்கிவிட்டது. போர் முடியும்போது ஐரோப்பா முழுக்கப் பட்டினியால் வற்றிக் கிடக்கப்போகும் கோடிக்கணக்கானோருக்கு எப்படி ஊட்டுவது? அது யாருக்கும் தெரியவில்லை.

கீஸ் துணிந்தார். 1944இல் ஒரு சிறு பிரசுரம் அச்சாயிற்று. அட்டையில் வெறும் கிண்ணத்தோடு மூன்று குழந்தைகள். அவர்கள் நன்றாகச் சாப்பிட நீ பட்டினி கிடப்பாயா என்று அது கேட்டது. கேட்டது யாரிடம்? மதக் கொள்கை காரணமாகத் துப்பாக்கி தூக்க மறுத்து, போருக்குப் பதிலாக வேறு பணிகளில் அமர்த்தப்பட்டிருந்த இளைஞர்களிடம். கோழைகள் என்று ஊரார் ஏசிய அந்தப் பையன்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். உடலும் மனமும் நல்ல திடமாக இருந்த 36 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். மனத் திடத்தைச் சோதித்துத் தெரிந்தெடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் முக்கியம். காரணம், சில மாதங்களில் அந்தத் திடம் என்ன ஆனது என்று பார்க்கப்போகிறோம்.

நவம்பர் 19இல் ஆரம்பமாயிற்று. முதல் 12 வாரம் நாளுக்கு 3,200 கலோரி அளவில் நல்ல சாப்பாடு. 1945 பெப்ரவரி 12 முதல் 24 வாரம் ஏறத்தாழப் பாதி. இரண்டே வேளை: பாண், உருளைக்கிழங்கு, கோவா, டேர்னிப், மக்கரோனி. ஐரோப்பியப் பஞ்சத்தில் என்ன கிடைக்குமோ அதுவே. வாரத்துக்கு 35 கிலோமீற்றர் நடக்க வேண்டும். உடல் நிறையில் கால் பங்கு கரைய வேண்டும் என்பது இலக்கு. வெள்ளிக்கிழமை தோறும் அடுத்த வார அளவு ஒட்டப்படும். நிறை இறங்கவேண்டிய கோட்டுக்கு மேலே நிற்பவனுக்குப் பாண் துண்டு குறையும், கீழே போனவனுக்குக் கூடும். அந்தத் தாளைப் பார்க்கப் போகும்போது கால் நடுங்கியது.

உடம்பு முதலில் அடங்கியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 55 இலிருந்து 35 அளவுக்கு இறங்கியது. ஜூலை வெயிலில் கம்பளிச் சட்டை போட்டார்கள். தலைமுடி கொட்டியது, கணுக்கால் வீங்கியது. பிட்டத்தில் சதை இல்லாததால் கதிரை குத்தியது, போகுமிடமெல்லாம் தலையணை தூக்கிச் சென்றார்கள். படியேறுவது பெரும் வேலையானது. காதலும் காமமும் நினைவில்கூட இல்லை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது சாப்பாட்டு மேசையில் நடந்தது.

பத்து நிமிடத்தில் முடியும் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். கிழங்கில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளவைப் பெருக்கினார்கள். தட்டை நக்கினார்கள். சமைக்கவே தெரியாத பையன்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒருவரிடம் நூறளவுக்குச் சேர்ந்துவிட்டது. ஒரு நாளில் நாற்பது பக்கற் சூயிங்கம் மென்றவர் இருந்தார். கோப்பிக்கு ஒன்பது கோப்பை என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. அரசியலும் தத்துவமும் பேசிய வாய்கள் சாப்பாட்டைத் தவிர வேறெதையும் பேசவில்லை. சிலர் வெளியே போய் இரகசியமாக அள்ளித் தின்றார்கள், பிறகு குற்றவுணர்வில் அழுதார்கள். அதன்பின் தனியே யாரும் வெளியே போகக்கூடாது, துணையோடுதான் போகலாம் என்று விதி வந்தது. இன்னொன்றும் நடந்தது. எலும்பும் தோலுமாக நின்றவர்கள் தங்களை மெலிந்தவர்களாகப் பார்க்கவில்லை. தெருவில் போகும் சாதாரண மனிதர்கள்தான் அளவுக்கு மீறித் தடித்திருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. வில்லியம் கல்லின் நோயாளிகளில் பார்த்தவற்றில் பெரும்பகுதி இங்கே, நோயே இல்லாத இளைஞர்களிடம், அதுவும் ஆண்களிடம் வரிசையாக வந்து நின்றது.

ஊட்டல் ஆரம்பித்தபோது இன்னும் மோசம். இளைஞர்களைப் பிரித்து வெவ்வேறு அளவில் கலோரி கூட்டினார்கள். விற்றமின் கொடுத்துப் பார்த்தார்கள், புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகக் கூட்டிய குழு தேறவே இல்லை. உடல் மீள வேண்டுமானால் நாளுக்கு 4,000 கலோரி அளவில் பல மாதம் வேண்டும் என்பது மெல்லத் தெளிந்தது. கட்டுப்பாடு நீங்கியதும் சிலர் வயிறு முட்டியும் நிறுத்த முடியாமல் தின்றார்கள், ஒருவருக்கு வைத்தியசாலையில் வயிற்றைக் கழுவ நேர்ந்தது. திரும்பி வந்த நிறையில் கொழுப்பே முந்திக்கொண்டு வந்தது, வயிற்றிலும் தொடையிலும் சதை போடுகிறது என்று அவர்களே அருவருத்தார்கள். பழைய நிலைக்கு வரச் சிலருக்கு இரண்டு வருடம் வரை பிடித்தது. எதற்காக இத்தனை பாடு பட்டார்களோ அந்தப் போர் ஐரோப்பாவில் மே மாதமே முடிந்துவிட்டது. நிவாரணப் பணியாளருக்குக் கீஸின் குழு ஒரு கைநூலை அவசரமாக அனுப்பியது. முழு அறிக்கை 1950இல் இரண்டு பெரிய பாகங்களாக, 1,300 பக்கத்துக்கு மேல் வெளிவந்தது. பஞ்சம் பற்றிய அந்தப் புத்தகத்தைப் பிற்காலத்தில் தேடித் தேடிப் படிக்கப்போகிறவர்கள் பஞ்ச நிவாரணக்காரர்கள் அல்லர்.

1980களில் டொரொண்டோவின் டேவிட் கார்னர் போன்றோர், உணவுப் பழக்க நோய்க்கு வந்தவர்களிடம் மினசோட்டாக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். சாப்பாட்டைப் பற்றியே ஓயாத எண்ணம், சமையல் குறிப்பு சேர்க்கும் பைத்தியம், இரகசியமாக அள்ளித் தின்பது, பிறகு குமைவது: இவை குணக்கேடு அல்ல, பட்டினி கிடக்கும் மூளை செய்யும் வேலை என்று விளக்கினார்கள். அள்ளித் தின்று வாந்தி எடுக்கும் புலிமியா நெர்வோசாவை ஜெரால்ட் ரஸல் 1979இல்தான் தனி நோயாக விவரித்திருந்தார். 1983இல் அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் 32 வயதில் இதயம் நின்று இறந்தபோது, மெலிவதற்காகக் கிடக்கும் பட்டினி இதயத்தையே நிறுத்தும் என்று உலகம் திடுக்கிட்டது. மினசோட்டாவின் 35 துடிப்பை அறிந்தவர்களுக்கு அது புதிதல்ல. வாந்தியால் பொட்டாசியம் இறங்கித் துடிப்பு தடுமாறும். எலும்பு இளம் வயதிலேயே தேயும். நெடுநாள் பட்டினிக்குப் பின் அவசரமாக ஊட்டினால் இரத்தத்தில் பொஸ்பேற்று சடாரென்று விழுந்து உயிரே போகலாம். அதனால்தான் இன்று இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து மெல்ல ஊட்டுகிறார்கள்.

ஆனால் கீஸ் இதற்குள் வேறு பக்கம் போய்விட்டிருந்தார். போருக்குப் பின் அமெரிக்காவில் பட்டினி இல்லை, மாரடைப்பு இருந்தது. பசியை அளந்தவர் கொழுப்பை அளக்கத் திரும்பினார். காப்புறுதி அட்டவணைமீது இருந்த பழைய எரிச்சலும் ஆறவில்லை, அதை நாற்காலியில் சாய்ந்துகொண்டு கட்டிய கற்பனை என்றே கருதினார். ஐந்து நாடுகளிலிருந்து 7,400 அளவிலான ஆண்களின் உயரம், நிறை, தோல் மடிப்பின் தடிப்பு எல்லாவற்றையும் சேர்த்தார். நிறையையும் உயரத்தையும் இணைக்கும் பல சூத்திரங்களைப் போட்டியில் விட்டார். எது உடற்கொழுப்போடு நன்றாக ஒத்துப்போகிறது? நூலகத் தட்டில் தூசு படிந்து கிடந்த பெல்ஜியக்காரரின் விதி முன்னால் வந்தது. அதுவும் அமோக வெற்றி அல்ல. முழுத் திருப்தி தராவிட்டாலும் மற்றவற்றுக்குச் சளைத்ததல்ல என்ற தொனியில்தான் கீஸ் எழுதினார். அளந்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. 1972இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் விதிக்குப் புதுப் பெயர் ஒன்றும் சூட்டினார்.

பொடி மாஸ் இண்டெக்ஸ். சுருக்கமாக பீஎம்ஐ. இலங்கைப் பாடநூலில் உடற்திணிவுச் சுட்டி, தமிழ்நாட்டில் உடல் நிறைக் குறியீட்டெண்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை போகும் வீதியில், காயாங்கேணியைத் தாண்டிப் பனிச்சங்கேணிக்கு முன்னால், ஒரு பக்கம் கடல் துணை வர இருக்கிறது, அந்தச் சுட்டி வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்றான மாங்கேணி. 2004 டிசம்பரில் சுனாமியும், அது ஓய்ந்த சூட்டில் போரும் இடப்பெயர்வும் கண்ட வாகரைக் கரை அது. அங்கே ஒரு பெண் கர்ப்பம் தரித்து முதல் தடவை கிளினிக்குக்குப் போனால், மிட்வைப் செருப்பைக் கழற்றச் சொல்லி நிறுத்து, சுவரோடு நிறுத்தி உயரம் பார்ப்பார். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து ஓர் எண்ணை அட்டையில் எழுதுவார். 150 சென்ரிமீற்றர் உயரம், 40 கிலோ நிறை என்றால் 17.8. 18.5க்குக் கீழே போனதால் அந்தத் தாயின் நிறை பிரசவத்துக்குள் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். 18.5க்கு மேல், 25க்குள் இருந்தால் 11.5 முதல் 16 வரை போதும். 1973 முதல் இலங்கைத் தாய்மாரின் வீட்டில் இருக்கும் திரிபோஷாச் சத்துமாப் பக்கற்றில் தொடங்கி மாதாந்த நிறைப் பார்வை வரை பலதும் இந்தக் கணக்கோடு பிணைந்திருக்கின்றன. மூன்று மாதம் தாண்டி வந்தால் எண் பிழைக்கும், நிறையில் பிள்ளையும் கலந்துவிடும். அதனால்தான் நேரத்தோடு பதியச் சொல்லி மிட்வைப்மார் வீடு வீடாக நடக்கிறார்கள். பாடசாலையில் முதலாம், நாலாம், ஏழாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நிறுப்பதும் இதற்குத்தான். புரட்சியால் பூட்டப்பட்ட பிரசல்ஸ் வானிலையத்துக்கும் போர் ஓய்ந்த வாகரைக் கிளினிக்குக்கும் நடுவே ஓடும் நூல் இந்த வகுத்தல் கணக்கு.

பெயர் வந்தபின் அந்த எண்ணுக்குச் சிறகு முளைத்தது. உலக சுகாதார நிறுவனம் 18.5, 25, 30 என்று எல்லைகள் போட்டது. 1998இல் அமெரிக்கா தன் எல்லையை 25க்கு இறக்கியபோது, இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் ஒரு கிராம் கூடாமலே ஒரே இரவில் மிகை நிறைக்காரர் ஆனார்கள். சராசரி மனிதன் பழிவாங்கத் தொடங்கிவிட்டான். அடுத்த அடி நம் பக்கத்திலிருந்தே விழுந்தது.

2004 ஜனவரியில் லான்செட் இதழில் இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் போட்டார்கள். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜோன் யுட்கின். இருவருக்கும் பீஎம்ஐ அச்சு அசலாக 22.3. உடற்கொழுப்பை அளந்தார்கள். லண்டன்காரருக்கு 9.1 வீதம், புனேக்காரருக்கு 21.2 வீதம். ஒரே எண்ணுக்குள் இரண்டு உடம்பு! தெற்காசியர் பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து நீரிழிவுக்கு ஆளாகிறார்கள் என்பதற்கு அந்தப் படம் சாட்சியாயிற்று. அதே இதழில், ஆசியருக்கு 23இலேயே எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்ற நிபுணர் குழுவின் யோசனையும் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில், நூறு வயது நிறைந்து, கீஸ் காலமானார்.

கொழுப்பு விடயத்தில் எண்ணைத் திருத்திக்கொண்டே போனார்கள். பட்டினி விடயத்தில் நடந்தது வேறு. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் அனோரெக்சியாவின் கடுமையைப் பீஎம்ஐ படியில் ஏற்றியது. 17க்கு மேல் மென்மை, 15க்குக் கீழ் மிகக் கடுமை. கல்லின் நோயாளிக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 13.6 வருகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அதே கைநூல் இன்னொரு வகையையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று: நிறைய நிறை இழந்தும் எண் சாதாரணத்திலேயே நிற்கிற அனோரெக்சியா. இந்த வகைக்காரருக்கும் துடிப்பு இறங்கலாம், உப்புச் சமநிலை குலையலாம், மாதவிடாய் நிற்கலாம். எவ்வளவு இழந்தார், எவ்வளவு வேகத்தில் இழந்தார் என்பது உடம்புக்குத் தெரியும். இன்று எங்கே நிற்கிறார் என்பது மட்டுமே எண்ணுக்குத் தெரியும். கூட்டத்துக்காகச் செய்த கணக்கைத் தனி ஆளின்மேல் வைத்துப் பார்த்ததன் விலை இது என்பதே என் எண்ணம். 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் பீஎம்ஐயைத் தனித்து நம்பவேண்டாம் என்று தீர்மானம் போட்டது.

இது மேற்கத்தியப் பணக்கார வீட்டு நோய், நமக்கு ஏது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளரிளம் பருவத்தின் தொடக்கத்திலேயே அனோரெக்சியா வந்த இலங்கைப் பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழில் 2002இலேயே கட்டுரை வந்துவிட்டது. மாங்கேணிக்கே கொண்டுவந்து கணக்குப் போடலாம். 150 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண். கலியாணத்துக்கு ஆறு மாதம் இருக்கையில் 60 கிலோ. மெலிய வேண்டும் என்று சோற்றை விட்டாள், பிறகு பாணை விட்டாள், பிறகு விடுவதே பழக்கமாயிற்று. கலியாணத்தன்று 45 கிலோ. போனது சரியாகக் கால் பங்கு, மினசோட்டாவில் கீஸ் குறிவைத்த அதே கால் பங்கு. புதுமணத் தம்பதியரைப் பதிய வரும் மிட்வைப் அவளையும் நிறுக்கிறார், உயரம் பார்க்கிறார், வகுக்கிறார். 20 வருகிறது. 18.5க்கும் 25க்கும் நடுவே, ஆசியருக்கான 23க்கும் கீழே. குறையே சொல்ல முடியாத எண்.

எண்ணை எழுதியதும் அவர் கொப்பியை மூடிவிடுவதில்லை. இன்னும் சில கட்டங்கள் நிரப்ப வேண்டும். “பீரியட்ஸ் ஒழுங்கா வருதா புள்ள?” என்று கேட்பார். நாலு மாதமாக இல்லை என்று அவள் சொன்னால், முதலில் கர்ப்பமா என்று பார்ப்பார்கள். இல்லை என்று தெரிந்தபின் கலியாணத்துக்கு முந்தி எத்தனை கிலோ இருந்தாள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கொப்பியில் கட்டம் இல்லை. பதில், பக்கத்தில் நிற்கும் தாயிடம் இருக்கிறது. சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தவள் அவள்தான்.